'வெச்சாச்சு' கேட்கும்வரை

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறவள் யாராவது இருப்பாள். அவள் கடைசி வரிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பிள்ளை நன்றாக இருக்கிறான், கன்னம் இரண்டும் பன்னு மாதிரி. தாய்க்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் வரிசைப்படிதான் சொல்ல முடியும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

அது ஒரு கண்ணாடிக் கடை. முன்பக்கம் கடை. ஜன்னல் கண்ணாடிகள் தட்டுத் தட்டாகச் சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கிற கண்ணாடிகள் சுவரெல்லாம் தொங்கும். உள்ளே நுழைகிற ஒருவர் ஒன்பது பேராகத் தெரிவார். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு. தடுப்புக்குப் பின்னால் சட்டங்கள் பூட்டுகிற அறை. அதற்கும் பின்னால் வீடு. கடைக்காரன் முன்னால் நின்று கண்ணாடி வெட்டுவான். கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட அவன் அக்காவுக்கு, துடைப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் வேலை. அவன் மனைவி பின்னறையில் சட்டத்துக்குள் கண்ணாடியை இறக்கி, ஓரத்தில் மக்கு பூசுவாள். மக்கு என்பது எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் பிசைந்த மாவு. காய்ந்தால் கல்லாகிவிடும், கண்ணாடி ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

மனைவிக்குச் சிட்டு என்று பட்டப்பெயர். சில்லுகள் கிடக்கிற தரையில் கால் வைக்கிற இடம் பார்த்துத் தத்தித் தத்தி நடப்பாள். அதனால் வந்த பெயர்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் பெரிய கண்ணாடியைத் தூக்கினாலும் 'கண்ணாடி!' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால், கடையிலும் வீட்டிலும் யார் எங்கே இருந்தாலும் அப்படியே நின்றுவிட வேண்டும். திரும்பக் கூடாது, நகரக் கூடாது, முக்கியமாக உதவிக்கு ஓடி வரக் கூடாது. தூக்கினவர் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு 'வெச்சாச்சு' என்பார். அதன் பிறகுதான் மூச்சு விடலாம்.

இந்த வழக்கத்தை யாரையும்விடக் கண்டிப்பாகக் காப்பாற்றியவள் அந்த அக்கா, சிட்டுவின் நாத்தனார். சின்ன வயதில், அப்பா தனியாகத் தூக்குகிறாரே என்று உதவிக்கு ஓடியவள் அவள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு தழும்பு வெள்ளைக் கோடாக ஓடும். "நான் ஓடலைன்னா அவர் பாட்டுக்குக் கொண்டுபோய் வெச்சிருப்பார். ஓடினதுதான் தப்பு" என்பாள்.

"எங்கக்கா 'கண்ணாடி'ன்னு கத்தினா வாயில வெச்ச சோத்தைக்கூட மெல்ல மாட்டேன்" என்று கடைக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்புக்குச் சொன்னாலும் அது உண்மைதான்.

சிட்டுவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வராது. வாசலுக்கு வெளியே படுத்திருக்கிற நாய் மாதிரி அது. உள்ளே வராது, எழுந்து போகவும் போகாது. கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட்டாள். "கடை முழுக்க உடையற சாமான்தான். நீ ஒருத்தி கூட இருந்தா எனக்கு என்ன?" என்றான். அப்படி ஓர் ஆள் அவன். அன்றிலிருந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பது அவன் வேலை.

குழந்தை பிறந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா சிட்டுவை உட்காரவைத்துச் சொன்னார்: "மாத்திரையை நிறுத்தவே கூடாது. தாராளமாப் பால் குடுங்க. குழந்தை அளவுக்கு மீறித் தூங்குறானா, பாலுக்கு எழுந்திருக்கிறானா, எடை ஏறுதான்னு மட்டும் பார்த்துக்குங்க. சந்தேகம் வந்தா எங்கிட்ட வாங்க."

நான்கு வார்த்தை சொன்னால் பயந்த மனசு ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். சிட்டு பிடித்துக்கொண்டது, 'அளவுக்கு மீறித் தூங்குறானா' என்பதை.

பிள்ளை தூங்கினான். பிறந்த பிள்ளை தூங்கத்தானே செய்யும்? அந்த அளவு எது, மீறுவது எது என்று அவளுக்கு யார் சொல்வது?

"ஏய் சிட்டு, என்னடி இவன், ரிட்டையர் ஆன ஆளு மாதிரி எப்பப் பாரு தூங்கிட்டே இருக்கான்?" என்றாள் நாத்தனார் ஒரு நாள் காலையில்.

"சின்னக் குழந்தை அப்படித்தானே அண்ணி தூங்கும்?"

"தூங்கும். ஆனா பால் குடிச்ச கையோட கிறங்கிப் போறான் பாரு. நீ போடற மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருது. உள்ள போனது பால்ல இறங்காமலா இருக்கும்?"

"டாக்டரம்மா குடுக்கலாம்னு சொன்னாங்களே."

"அவங்க சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருவாங்க. நாம பிள்ளையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவளுக்கும் பயம், பயத்தைக் கேலியாக மாற்றித்தான் அவளுக்குப் பேசத் தெரியும். அதற்குப் பிறகு பிள்ளை தூங்குகிறபோதெல்லாம், "மாத்திரைப் பால் குடிச்சுட்டு மல்லாந்துட்டார் மகராஜா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள். போகிறபோக்கில் சொல்வதுதான் உள்ளே போய்த் தங்குகிறது.

சிட்டு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்தாள். விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கினாள். பிள்ளை தூங்கும்போது அவன் மூக்குக்கு முன்னால் அதைப் பிடித்துப் பார்ப்பாள். பனி படர்ந்தால் மூச்சு இருக்கிறது. பனி மறையும், அடுத்த மூச்சு வரும்வரை அவள் மூச்சு நிற்கும். மறுபடி படரும். அவன் சின்ன விரல்களைப் பிரித்துப் பார்ப்பாள், உள்ளங்காலைச் சுரண்டுவாள். அவன் சிணுங்கினால் சந்தோஷம். சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கினால் கண்ணாடியைத் திரும்ப எடுப்பாள். என் ரத்தத்தில் ஓடுகிற மருந்து என் மார்பில் வடிந்து இவன் வாய்க்குள் போகிறது, நானே ஊட்டுகிறேன் என்று நினைத்தால் பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்கிவிடலாம் போல இருக்கும். பிடுங்கினால் அழுவான். அழுதால் மறுபடி கொடுப்பாள்.

டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? போகப் பயம். 'அப்படியானால் பாலை நிறுத்து' என்று சொல்லிவிட்டால்? பவுடர் பாலைக் கரைத்து யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்புறம் பிள்ளை நாத்தனார் மடியிலேயே இருப்பான். வலிப்புக்காரிக்குப் பிள்ளை எதற்கு என்று முன்பு காதுபடப் பேசினவர்கள் இருந்தார்கள். அவளிடம் மட்டுமே இருந்து, வேறு யாராலும் கொடுக்க முடியாதது அந்தப் பால் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளால் ஆகவில்லை.

அதனால் மாத்திரையை விட்டாள்.

கணவன் கையில் வைப்பான்; அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மாத்திரை நாக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். குப்பைக்கூடையில் போட்டால் நாத்தனார் கண்ணில் படும். பின்னறைக்குப் போய், மக்கு டப்பாவைத் திறந்து, விரலால் ஆழமாக உள்ளே அழுத்திவிடுவாள். மேலே மாவை இழுத்து மூடினால் தடம் தெரியாது. இந்த உலகத்தில் யாருக்கும் தோன்றாத இடம், மக்கு பூசுகிறவளுக்குத் தோன்றிவிட்டது.

சில நாளில் பிள்ளை விழித்து விளையாட ஆரம்பித்தான். விளக்கைப் பார்த்தான், சிரித்தான், பாலுக்கு நேரம் தவறாமல் கத்தினான். அந்த வயது வந்தால் எல்லாப் பிள்ளையும் செய்வதுதான். சிட்டு என்ன நினைப்பாள்? 'பார்த்தாயா, மருந்துதான் காரணம்' என்று நினைத்தாள். பெருமூச்சு விட்டாள். கூடவே உள்ளே வேறொன்று நடுங்கியது. வாசல் நாய் எழுந்து நின்று காதை உதறுகிற சத்தம் அவளுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் காலை மக்கு பூசும்போது அவள் கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. கையிலிருந்த தட்டைக்கத்தி எகிறிப்போய்ச் சுவரில் மோதியது.

"என்ன சத்தம்?" என்றான் கணவன் முன்னாலிருந்து.

"வழுக்கிடுச்சுங்க."

"மக்கு எண்ணெய் ஜாஸ்தியா இருக்கோ? மக்கு விக்கற ஆளோட சரக்கு இப்பல்லாம் சரியில்ல. நேத்து ஜன்னலுக்குப் பூசறேன், கட்டைவிரல்ல கல்லு மாதிரி ஒண்ணு நெருடுது. எடுத்து வெச்சிருக்கேன் பாரு, அவன் மூஞ்சிலயே வீசறதுக்கு." கதவருகே வந்து சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "மக்கு வாங்கறவன் எல்லாம் மக்குன்னு நினைச்சுட்டான் போல."

நாத்தனார் சிரித்தாள். சிட்டுவும் சிரித்தாள். சிரித்தபடியே, நடுங்குகிற கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு ஒன்றைப் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். பக்கத்தில் பிள்ளை கையைக் காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போட்டால் இவன் மறுபடி கிறங்கிவிடுவானே என்று தோன்றியது. போடவில்லை.

அது நடந்தது அன்றைக்கே, நல்ல வெயில் நேரத்தில்.

முன்னால் ஒரு தையல்காரம்மா வந்திருந்தார். துணி போட்டுப் பார்ப்பவர்கள் தலை முதல் கால்வரை தெரிகிற மாதிரி ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அவருக்குக் காட்டுவதற்காகப் பெரிய கண்ணாடிகளை எல்லாம் கடைக்காரனும் அக்காவும் காலையிலேயே பின்னறையிலிருந்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பின்னறையில் வெறும் சட்டங்கள், மேசைக்குக் கீழே வெட்டுத் துண்டுகள் போடுகிற தகரப்பெட்டி. எதிர்ச் சுவர் ஓரமாக, கண்ணாடி வந்திறங்கிய மரப்பெட்டி ஒன்று. கடைக்காரன் அதை வழவழவென்று தேய்த்து, துணி மடித்துப் போட்டுக் கொடுத்திருந்தான், பகலில் பிள்ளையைப் படுக்கவைக்க.

சிட்டு பால் கொடுத்து முடித்து, பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

கருகின ரப்பர் வாசனை வந்தது.

எங்கேயும் எதுவும் கருகவில்லை. அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்த வாசனை அது. அது வந்தால் அடுத்து விரல் மரத்துப்போகும், அடுத்து வாயில் இரும்பு ருசி, அதற்கடுத்தது அவளுக்குத் தெரியாது. எழுந்த பிறகு மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

விரல் மரத்தது.

மேசை பக்கத்தில்தான். மேசையில் வைத்தால் உருண்டு விழுவான், கீழே தகரப்பெட்டி நிறையச் சில்லு. தரையில் வைத்தால் அவன்மேலேயே அவள் விழலாம். மரப்பெட்டி எதிர்ச் சுவரில் இருக்கிறது. போக வேண்டியது கொஞ்ச தூரம்தான். அந்தத் தூரம் முழுக்க அவள் கையிலிருந்து பிள்ளை நழுவிக்கொண்டிருந்தான். அவன் தலையைத் தாங்கிய இடது கை யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. கூப்பிட வேண்டும். கணவனைக் கூப்பிட வேண்டும், 'ஏங்க, வாங்க, பிள்ளையை வாங்குங்க' என்று. வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. வார்த்தை எல்லாம் எங்கோ போய்விட்டது. உடையக் கூடிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, இத்தனை காலமும் யோசிக்காமலேயே வாயில் வந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அது வந்தது.

"கண்ணாடி!"

இனி முன்பக்கம் வாருங்கள்.

குரல் கேட்டது. கடைக்காரன் கட்டரைக் கண்ணாடிமேல் வைத்தபடி நின்றான். நாத்தனார் துணியும் கையுமாக, ஒரு கால் பாதி எடுத்துவைத்தபடி நின்றாள். சுவரிலிருந்த கண்ணாடிகளில் எல்லாக் கடைக்காரன்களும் எல்லா நாத்தனார்களும் நின்றார்கள்.

தையல்காரம்மா மட்டும் இங்கும் அங்கும் பார்த்தார். "என்னாச்சு? ஏன் பொம்மை மாதிரி நின்னுட்டீங்க ரெண்டு பேரும்?"

கடைக்காரன் உதட்டை மட்டும் அசைத்தான். "அசையாதீங்கம்மா. உள்ள கண்ணாடி தூக்கறாங்க."

"ஓ" என்று அவரும் நின்றார்.

காத்திருந்தார்கள். அவர்கள் காதுக்குப் பழகியது இரண்டே சத்தம். விழுந்தால் உடைகிற சத்தம் வர வேண்டும். விழாவிட்டால் 'வெச்சாச்சு' வர வேண்டும். இரண்டும் வரவில்லை. பதிலாக, பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் தடதடதடவென்று ஒரு சத்தம். மரத்தில் எதுவோ விடாமல், ஒரே சீராக இடிக்கிறது.

"இவ்வளவு நேரமா?" என்றார் தையல்காரம்மா, குரலைத் தாழ்த்தி. "பெரிய கண்ணாடியோ?"

அந்தக் கேள்விதான் நாத்தனாரை உலுக்கியது. பெரிய கண்ணாடி. பெரிய கண்ணாடி எல்லாம் அவள் கண் முன்னால் சாய்ந்து நிற்கிறது. காலையில் அவளே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தது.

"டேய் தம்பி," என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "பின்னால கண்ணாடி ஏதுடா? தூக்கறதுக்கு அங்க என்னடா இருக்கு?"

அவன் முகம் வெளுத்தது. அவன் காலை எடுப்பதற்குள், வாழ்நாளெல்லாம் அசையாமல் நின்றவள், அந்தக் குரல் கேட்டால் அசைவது யாராக இருந்தாலும் கையை முறித்துவிடுவாள் போலப் பார்ப்பவள், சாய்ந்திருந்த கண்ணாடிகளுக்கு நடுவே ஓடினாள். முந்தானை பட்டு ஒரு கண்ணாடி சரிந்து விழுந்து நொறுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சிட்டு தரையில் கிடந்தாள். உடம்பு வில்லாக விறைத்து வெட்டிக்கொண்டிருந்தது; குதிகால்கள் பலகைத் தடுப்பில் இடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் ரத்த நுரை. நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை, முதலில் தரையைப் பார்த்தாள். தரையில் பிள்ளை இல்லை. மேசையில் இல்லை. மேசைக்குக் கீழே தகரப்பெட்டியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மரப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"இருக்கான்!" என்று கத்தினாள். கத்திவிட்டு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. கடைக்காரன் மண்டியிட்டு மனைவியின் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தான். இரண்டு பேருமாக அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். சட்டங்களைக் காலால் தள்ளினார்கள்.

"வாயில ஸ்பூன் ஏதாவது வைங்க, நாக்கைக் கடிச்சுக்குவாங்க!" என்று தையல்காரம்மா கதவோரம் நின்று பதறினார்.

"வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா. நீங்க வாசல்ல போய் ஏதாவது ஒரு வண்டியை நிறுத்துங்க" என்றான் அவன்.

சிட்டுவுக்கு நினைவு வந்தபோது மேலே வெள்ளைக் கூரை, மின்விசிறி. நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்டது மாதிரி வலி. கொஞ்ச நேரம், தான் யார் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் மார்பு கனத்தது. பால் கட்டியிருந்தது. அதைக் கொண்டுதான் அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது.

தூக்கினது நினைவிருந்தது. நடந்தது நினைவிருந்தது. வைத்தது நினைவில்லை.

"எங்க?" என்றாள்.

"அக்கா வெச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கான்" என்றான் கணவன்.

அவன் முகத்தைப் பார்த்தாள். நல்லாயிருக்கான் என்றால் ஏன் இவன் கண் சிவந்திருக்கிறது? கெட்டது நடந்தாலும் இப்படித்தானே சொல்வார்கள்? "பொய்" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். "கீழ போட்டுட்டேன். சொல்லுங்க. போட்டுட்டேன்தானே?"

அவன் பதிலே சொல்லாமல் வெளியே ஓடி அக்காவைக் கூட்டி வந்தான். நாத்தனார் பிள்ளையைக் கொண்டுவந்து சிட்டுவின் கன்னத்தோடு கன்னமாக வைத்தாள். சூடாக இருந்தான். அவள் காதைப் பிடித்து இழுத்தான்.

"விழுந்தானா அண்ணி?"

"இல்லடி. பெட்டிக்குள்ள மல்லாக்க, தலைக்கு அந்தத் துணி மடிப்புக்கூடச் சரியா இருக்கற மாதிரி வெச்சிருந்தே. தும்மினான். அவ்வளவுதான் அவன் பண்ணினது."

"எனக்கு ஞாபகமே இல்லை."

"உனக்கு ஞாபகம் இல்லாட்டி என்ன? உன் கைக்கு இருந்திருக்கு."

அப்போது டாக்டரம்மா வந்தார், அதே டாக்டரம்மா. கடைக்காரனிடம்தான் கேட்டார். "மாத்திரை தவறாம போட்டாங்களா?"

"ஒரு வேளை தவறலைங்க. நானே கையில குடுப்பேன். என் கண்ணு முன்னாலதான் முழுங்குவா."

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "அப்படின்னா இந்த அளவு போதலை. கூட்டணும். இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். அதைச் சேர்த்தா பால் குடுக்கறதைப் பத்தியும் யோசிக்கணும்."

சிட்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எதற்குப் பயந்தாளோ அது அவள் செய்த காரியத்தாலேயே நடந்துகொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும். சொன்னால், இத்தனை நாள் தினமும் தன் கையாலேயே கொடுத்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? வாயைத் திறந்தாள். இந்த முறை வலிப்பு இல்லை, வெறும் பயம்தான். அதுவும் நாக்கைக் கட்டிப்போட்டது.

கடைக்காரன் வியர்வையைத் துடைக்கச் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினான். அதோடு மக்கு ஒட்டின அந்தக் கல்லும் வெளியே வந்தது. கீழே எறியப் போனவன், என்னவோ தோன்றி, நகத்தால் சுரண்டினான். மாவு உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு போட்டு. தினமும் அவன் விரலால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிற அதே வட்டம், அதே கோடு.

அவள் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டிக் காட்டினான்.

"இது ஒண்ணுதானா சிட்டு?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "டப்பா பூரா இருக்கு."

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை. இப்பச் சொன்னீங்களே. நீங்க போட்டுட்டு இருக்கீங்கன்னு நம்பி நான் அளவை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இடையில நிறுத்தின மருந்தை ஒரேயடியாப் பழைய அளவுலகூட ஆரம்பிக்கக் கூடாது, படிப்படியாத்தான் ஏத்தணும். ஏம்மா நிறுத்தினீங்க?"

"பால்ல போகுதுன்னு..."

"யார் சொன்னது?"

நாத்தனார் தழும்பு இருந்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றாள். "நான்தான்ம்மா. விளையாட்டுக்குச் சொல்றாப்பல சொன்னேன். ஆனா விளையாட்டுக்குச் சொல்லலை. எனக்கும் பயமா இருந்துச்சு."

"போகுதுதான்" என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "போகாதுன்னு நான் சொல்லவே இல்லையே? அம்மா போடற மருந்துல பெரும்பாலும் எல்லாமே கொஞ்சமாவது பாலுக்குப் போகும். சிலது கூடப் போகும், சிலது ரொம்பக் கொஞ்சம். சில மருந்து பிள்ளைக்கு ஆகவே ஆகாது, அது வேற பேச்சு, அதுக்குத்தான் எங்ககிட்டக் கேட்கணும். இது அந்த மாதிரி இல்லை. இவன் உங்க வயித்துல இருந்தப்ப உங்க ரத்தத்துல இருந்து இதைவிட அதிகமாவே வாங்கியிருக்கான். அதோடதான் பிறந்தான்."

"அப்ப தூங்கிட்டே இருந்தானே?"

"எழுப்பினா எழுந்தானா? வாய் வெச்சா குடிச்சானா?"

"குடிச்சான்."

"எடை ஏறுச்சா?"

"ஏறுச்சு" என்று நாத்தனார் முந்திக்கொண்டு சொன்னாள். "தூக்க முடியலை."

"அப்பத் தூங்கினான்னா தூங்கினான். எழுப்பியும் எழாம, உறிஞ்சத் தெம்பில்லாம, துவண்டு கிடந்தா அது வேற. அப்பத் தூக்கிட்டு ஓடி வரணும். வீட்டுல மாநாடு போட்டு நீங்களே மருந்தை நிறுத்தக் கூடாது. சந்தேகம் தீரட்டும், இவனுக்கும் ரத்தம் பார்த்துருவோம்."

பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவன் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டுச் சிட்டு அழுதாள். அழுதுகொண்டே, நன்றாகக் கத்துகிறான் என்று சந்தோஷப்பட்டாள். பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்பினார்கள்: மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதுவரை, அதற்குப் பிறகும்கூட, நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க வேண்டாம். தரையில் மெத்தை போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும். தனியாகக் குளிப்பாட்டக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. ராத்திரி பிள்ளையை வேறு யாராவது தூக்கிக் கொண்டுவந்து கொடுக்கலாம்.

பயம் அதோடு போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்?

வீட்டுக்கு வந்த மறுநாள், பகல். பின்னறை மேசைக்கடியில் தகரப்பெட்டி இல்லை; அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மக்கு டப்பாவும் போய்விட்டது. சுவரோரம் மெத்தை. சிட்டு சாய்ந்து உட்கார்ந்தாள், கணவன் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை கையில். நாத்தனார் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு வந்தாள்.

"முதல்ல இதை முழுங்கு. அப்புறம் இவனை வாங்கு."

சிட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளையாக, வட்டமாக. டாக்டரம்மா சொன்னதெல்லாம் காதில் இருந்தது. இருந்தும் வாயில் போடவில்லை. "அண்ணி, மறுபடி கிறங்கிட்டான்னா?"

"எழுப்பிப் பார்ப்போம். எழலைன்னா தூக்கிட்டு ஓடுவோம். எனக்கு ஓடத் தெரியும்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே."

முழுங்கினாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள், யாரும் கேட்காமலே. பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தாள். அவன் கபக்கென்று பிடித்துக்கொண்டான். பால் இறங்குகிறபோது உடம்பில் ஓர் இழுப்பு வரும். அதில் என்னவெல்லாம் சேர்ந்து போகிறதோ என்று அவள் அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குடித்தான். உறிஞ்சல் மெதுவானது. கண் சொருகியது. தூங்கிவிட்டான்.

இரண்டு பெண்களும் மூச்சு விடவில்லை. நாத்தனார் இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்தாள். விளிம்பு மழுக்கின ஒரு கண்ணாடித் துண்டு. அது சிட்டுவின் துண்டு இல்லை, வேறொன்று.

"நீங்களுமா அண்ணி?"

"பிறந்த நாள்ல இருந்து" என்றாள் நாத்தனார், கூச்சத்தோடு. மூக்கருகில் பிடித்தாள். பனி படர்ந்தது, மறைந்தது, படர்ந்தது. உள்ளங்காலை ஒரு சுரண்டு சுரண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, தொந்தரவு பண்ணாதே என்கிற மாதிரி ஓர் உதை விட்டான்.

"கொழுப்பைப் பாரு" என்றாள் நாத்தனார். மரப்பெட்டியை இழுத்து மெத்தையோடு ஒட்டி வைத்தாள்.

சிட்டு பிள்ளையை அவள் பக்கம் நீட்டினாள். "நீங்களே வைங்க அண்ணி. எனக்குக் கை..."

நாத்தனார் கையை நீட்டவில்லை. மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "நீயே வை. நான் இங்கதான் இருக்கேன்."

முன்கடையில் கட்டர் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று சிட்டுவுக்குத் தெரியவில்லை. யாரும் குரல் கொடுக்கவில்லை. இருந்தும் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒருவன் அசையாமல் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் மட்டுமில்லை, கண்ணாடிகளுக்குள் இருக்கிற அத்தனை பேரும்.

முழங்காலில் எழுந்தாள். ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. வாசனை எதுவும் வரவில்லை, பால் வாசனைதான். மெல்ல இறக்கினாள். தலை துணி மடிப்பில் பட்டது, முதுகு பட்டது. கையை உருவினாள், ஒவ்வொரு விரலாக. இந்த முறை எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள்.

வீங்கின நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. ஆனாலும் தடுப்பைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

"வெச்சாச்சு."

முன்னால் கட்டர் மறுபடி கண்ணாடிமேல் கிறீச்சென்று ஓட ஆரம்பித்தது.